இரண்டு விரற்கடை

ஏற்றும்போது நடுவில்தான் உட்கார்ந்தது.
நான் பின்னால் நின்று கைகாட்டினேன்.
ஆர்வல் பக்கக் கண்ணாடியில் என் கையை மட்டும் பார்த்து
டிரக்கை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு விட்டான்.
நாலு ஜாக்கிகளின் மேல்
கால் மாற்றாத மாடுபோல் நின்றது கேம்பர்.
இடது. இன்னும் இடது. நேர். நேர். போதும்.
முன்பக்கம் இடிக்காமலிருக்க அவன் அறுத்துவைத்த மரக்கட்டை
சரியாகப் போய் முட்டியது.
இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை.
அளந்தவன் அவன். விரலும் அவனுடையதுதான்.

கிளெண்டைவிலிருந்து கிளம்பி
ஐம்பதாவது மைலில் நிறுத்தினான், வழக்கம்போல.
திருகுகளை ஒரு சுற்று முறுக்கிவிட்டு
இடப்பக்கம் குனிந்தவன் நிமிரவில்லை.
"மார்லிஸ், இங்கே வா."
நான்கு விரல் போகவேண்டிய இடத்தில்
இரண்டுதான் போனது.

அந்த வாரம் முழுக்க இதே பேச்சு.
சரளைச் சாலையின் மேடுபள்ளத்தைத் திட்டினான்.
வடமேற்கிலிருந்து விடாமல் அடித்த காற்றைத் திட்டினான்.
டெர்ரியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி
கேம்பரைத் திரும்பத் தூக்கி, விரித்து, இறக்கினோம்.
மைல்ஸ் சிட்டி போய்ச் சேர்வதற்குள்
பழையபடி சாய்ந்திருந்தது.
பெட்ரோல் பங்கில் பக்கத்தில் நின்ற ஒருவன்
தானும் கேம்பர்காரன்தான் என்று சொல்லி
பின்சங்கிலியைக் குறுக்காகப் போடு என்றான்.
குறுக்காகப் போட்டோம்.
இரவில் படுத்தபடி கூரையைப் பார்த்துச் சொன்னான்:
"முப்பத்தொரு வருஷம் தானியக் கிடங்கில் எடை பார்த்தவன்.
எனக்கே இது பிடிபடவில்லையே."

எனக்குப் பிடிபட்டிருந்தது.

இடப்பக்க இருக்கைக்கு அடியில்,
போர்வைகள் என்று நான் சொல்லியிருந்த பெட்டியில்,
யெல்லோஸ்டோன் ஆற்றில் பொறுக்கிய அகேட் கற்கள்.
பார்த்தால் உருளைக்கிழங்கு.
நனைத்து வெயிலுக்கு நேரே தூக்கினால்
உள்ளே கறுப்புப் பாசி, ஒரு குளம், குளத்தோரம் மரங்கள்.
அவன் திருகு முறுக்கும் நேரமெல்லாம்
நான் கரைவரை நடந்துவிட்டு வருவேன்,
கோட்டுப் பைகள் தொடையில் இடிக்க.
போன வருஷமே சொல்லியிருந்தான்,
இனி ஒரு கல்கூட ஏறக்கூடாது, அச்சு தாங்காது என்று.
சரி என்றேன்.
சொல்லும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஃபோர்சைத்துக்கு முந்தைய இரவு
அவன் குறட்டை ஒரு நிலைக்கு வந்ததும்
விளக்குப் போடாமல் எழுந்தேன்.
ஒவ்வொன்றாக எடுத்து
சத்தம் வராமலிருக்க அவன் காலுறைகளுக்குள் போட்டு
வலப்பக்க அலமாரியில், வாணலிகளுக்குப் பின்னால் அடுக்கினேன்.
பாதி மாற்றினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன்.
இருட்டில் பாதி எங்கே தெரிகிறது?

மறுநாள் நிறுத்தியதும் இடப்பக்கம் குனிந்தான்.
உள்ளங்கை முழுக்க உள்ளே போயிற்று.
வலப்பக்கம் போனான்.
நெடுநேரம் வரவில்லை.
நான் முன்சீட்டில் உட்கார்ந்து
படித்த வரைபடத்தையே படித்தேன்.
பின்கதவு திறந்தது. பிறகு அலமாரி.
காலுறை ஒன்று தரையில் விழுந்தது.
காலுறை அப்படி விழாது.

இறங்கிப் போனேன்.
கல்லை நாக்கால் ஈரமாக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தான்.
"இதில் ஒரு வேலி இருக்கிறது," என்றான்.
"வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ நிற்கிற மாதிரி."
பிறகு முனகிக்கொண்டே மண்டியிட்டு
மூன்றை இந்தப்பக்கம், ஒன்றை அந்தப்பக்கம்,
கையில் ஏந்தி ஏந்திப் பார்த்து மாற்றினான், தராசுக்காரன்.
வைத்தவுடன் வண்டி நகர்ந்துவிடாது, அவனுக்கும் தெரியும்.
ஆனாலும் நடுநடுவே இறங்கிப்போய்
விரல் விட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"மிச்சம் எங்கே?" என்று மட்டும் கேட்டான்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.